நாற்பதடி நகர்ந்த கொட்டகை

மரக் கொட்டகை ஒன்றை இடம் மாற்றுவது, பார்க்கிறவர்களுக்குத் தோன்றுகிற அளவுக்குப் பெரிய வேலை இல்லை. நாலு இரும்புக் குழாய், இரண்டு ஜாக்கி, கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும். தரை சமமாக இருந்தால் இரண்டு பேரே செய்துவிடலாம். நாங்கள் மூன்று பேர் இருந்தோம்.

நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக மெதுவாகவே சொல்கிறேன், ஐயா. எனக்கு அவசரமில்லை. என் தங்கை பக்கத்து அறையில்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று உங்கள் எழுத்தர் சொன்னார். அவளுக்கு மின்விசிறிக் காற்று நேராக முகத்தில் அடித்தால் ஆகாது. அதை மட்டும் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

என் தொழில் எடை மேடைகளைச் சரிபார்ப்பது. லாரியைச் சரக்கோடு ஏற்றி நிறுத்தி எடை போடுவார்களே, அந்த மேடைகள். இருபத்தெட்டு வருஷம் அதைத்தான் செய்தேன். எதைப் பார்த்தாலும் அதன் எடை தானாக மனதில் ஓடும். எங்கள் கொட்டகை ஆயிரத்து இருநூறு கிலோ. அப்பா கட்டியது. பத்தடிக்கு எட்டடி, தகரக் கூரை. பின்சுவரை ஒட்டி நின்றதால் மழைக்காலத்தில் அடியில் தண்ணீர் தேங்கும்.

அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போய்விட்டார்கள். அப்போது தங்கைக்குப் பத்தொன்பது வயது. எனக்கு இருபத்தேழு. அவளை நான்தான் பார்த்துக்கொண்டேன். இன்றைக்கு அவளுக்கு நாற்பத்தேழு ஆகிறது, இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. எறும்புத் தலை அளவு திருகாணியை ஒரே முயற்சியில் அதன் துளையில் உட்கார வைப்பாள். கடைக்காரர் அவளைக் 'கை நடுங்காத அம்மா' என்பார்.

கல்யாணத்துக்கு இடம் வராமல் இல்லை. இரண்டு மூன்று வந்தன. சரியாக அமையவில்லை. ஒரு வீட்டார் பார்க்க வந்த அன்று, அவளுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினேன். உண்மையில் லேசான காய்ச்சல்தான். இன்னொருவருடைய கடிதத்துக்குப் பதில் எழுத மறந்துவிட்டேன். அவள் என்னிடம் கேட்டதில்லை. எங்கள் வீடு அமைதியான வீடு.

தச்சர் முதலில் வந்தது சமையலறை ஜன்னல் கதவைச் சரிசெய்யத்தான். மனைவியை இழந்தவர், ஐம்பது வயது, காதில் பென்சில். தன் நகைச்சுவைக்குத் தானே முதலில் சிரிக்கிற ஆள். ஜன்னல் ஒரு நாள் வேலை. ஆனால் அடுத்த வாரம் கண்ணாடி வாங்க அவள் கடைக்குப் போயிருக்கிறார். அதற்கடுத்த வாரம் கண்ணாடி மூக்கில் நிற்கவில்லை என்று போயிருக்கிறார். அதற்கப்புறம் அது எத்தனை முறை நிற்காமல் போயிற்று என்று எனக்குத் தெரியாது.

ஆறு மாதம் கழித்து ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னாள்.

"அண்ணா, ஒண்ணு சொல்லணும். கோபப்படக் கூடாது."

நான் கோபப்படவில்லை. அதை நீங்கள் அவளிடமே கேட்டுக்கொள்ளலாம்.

"உங்களை விட்டுட்டு நான் எங்கயும் போகமாட்டேன். அவரே இங்க வந்துடறேன்னு சொல்லிட்டார். பின்னாடி இருக்கிற கொட்டகையைத் தெருப்பக்கம் நகர்த்திட்டா அதுவே அவருக்குப் பட்டறை ஆயிடும். மூணு பேரும் ஒண்ணா இருக்கலாம்ணா."

ஒன்றாக இருக்கலாம் என்றாள். நாங்கள் ஏற்கனவே ஒன்றாகத்தான் இருந்தோம். இருந்தாலும் நான் சரி என்றேன். அவள் எழுந்து வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

அதன்பிறகு தச்சர் மாலையில் வர ஆரம்பித்தார். தங்கை மூன்று டம்ளர் எடுத்து வைப்பாள். அவர் ஏதாவது சொல்வார், இவள் சிரிப்பாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற சிரிப்பு. அது அவளுக்கு நல்லதில்லை என்று நினைத்தேன். அவளை எனக்குத் தெரியும். இவ்வளவு மேலே ஏறுகிறவள் விழுந்தால் தாங்கமாட்டாள். இதை நான் அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் வருத்தப்படுவாள் என்று விட்டுவிட்டேன்.

கொட்டகையை ஒரு சனிக்கிழமை நகர்த்த ஆரம்பித்தோம். தச்சர் தொழில் தெரிந்தவர், அதில் குறை சொல்ல முடியாது. முற்றத்தில் பலகை பரப்பி, பலகைமேல் குழாய்களைப் போட்டு, கொட்டகையை ஜாக்கியால் தூக்கி அதன்மேல் இறக்கினார். பிறகு கடப்பாரையால் நெம்ப நெம்ப அது உருண்டது. பின்னால் விடுபட்ட குழாயைத் தங்கை எடுத்து வந்து முன்னால் போடுவாள். வேகமாகப் போனால் பத்து நிமிஷத்துக்கு ஒரு சாண். மொத்தம் நாற்பதடி போக வேண்டும். அன்று சாயங்காலத்துக்குள் பாதி முற்றத்தைத் தாண்டியிருந்தோம்.

இடையில் ஓய்வாக நின்றபோது எடை எவ்வளவு இருக்கும் என்று கேட்டார். சொன்னேன்.

"பாத்தியா? மச்சான் எடை போடாம எதையும் விடமாட்டார். உன்னைக் கட்டிக் கொடுக்கிறதுக்கு முன்னாடி என்னையும் ஒரு தடவை மேடையில ஏத்திடுவார்" என்றார். தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அதுவரை என்னை அவர் அண்ணன் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மச்சான் என்றது அன்றுதான். அவர் எடை எழுபத்திரண்டு கிலோ. அதை நான் முதல் நாளே மனதில் போட்டு வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கெல்லாம் கொட்டகை தெருப்பக்கம் போய்ச் சேர்ந்தது. அடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, அடியில் கல் வைத்து, குழாய்களை உருவ வேண்டும். கல் வைக்க ஒருவர் உள்ளே நுழைந்து படுக்க வேண்டும். தச்சர் அதற்குச் செய்த ஏற்பாட்டை உங்களுக்கு நான் விளக்கியாக வேண்டும், ஏனென்றால் போன வருஷம் வந்த அதிகாரிக்கு அதைச் சரியாக விளக்கவில்லை.

ஜாக்கி சாயாமலிருக்க அதன் அடியில் ஓர் ஆப்பு. கடைசிக் குழாய் உருளாமலிருக்க அதற்கு ஓர் ஆப்பு. தள்ளி நின்றே இழுக்கும்படி இரண்டிலும் கயிறு கட்டினார். குழாய்க்கு நீலக் கயிறு, ஜாக்கிக்கு வெள்ளைக் கயிறு. "நீலத்தை நான் குரல் கொடுத்ததும் இழுங்க மச்சான். வெள்ளையை மட்டும் நான் வெளிய வந்து நின்ன பிறகுதான் தொடணும்" என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார். தங்கை அப்போது வீட்டுக்குள் இருந்தாள். இதுபோக, ஜாக்கியே நழுவினாலும் கொட்டகை ஆள்மேல் இறங்காதபடி பக்கத்தில் மரக்கட்டைகளை அடுக்கி வைத்தார். ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு கட்டை.

பிறகு கைகால் கழுவிச் சாப்பிடப் போனார். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் அந்த அடுக்கிலிருந்து மேல்கட்டை இரண்டை எடுத்து, சுவரோரம் மீதிக் கட்டைகளோடு வைத்தேன். ஒரு மனிதன் மல்லாந்து படுத்தால் நெஞ்சுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்குப் பார்த்துத்தான் இரண்டு எடுத்தேன். ஒன்று போதாது. மூன்று எடுத்தால் கண்ணில் படும்.

திரும்பி வந்தவர், கட்டை அடுக்கியிருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து கொட்டகைக்கு அடியில் நுழைந்தார். நுழையும்போது கேட்டார்.

"கட்டை சரியா இருக்கா மச்சான்?"

"இருக்கு" என்றேன்.

தங்கை தண்ணீர்ச் செம்போடு வந்து என் பக்கத்தில் நின்றாள். நான் கடப்பாரையைப் பிடித்திருந்தேன். அவசியம் இல்லை, சும்மாதான் பிடித்திருந்தேன். உள்ளே தச்சர் சுத்தியலால் கல்லைத் தட்டி உட்கார வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "ம், ஆப்பை எடுக்கலாம்" என்றார்.

"பாப்பா, எனக்குக் கை ஒழியலை. அந்த வெள்ளைக் கயித்தை இழு" என்றேன். மெல்லத்தான் சொன்னேன்.

"வெள்ளையா?"

"ஆமா, வெள்ளை."

அவள் செம்பைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் இழுத்தாள். எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்கிறவள். ஜாக்கி சாய்ந்து, கொட்டகை நாலு கட்டை உயரத்துக்கு இறங்கியது.

அவர் உடனே போய்விடவில்லை. பதினைந்து நிமிஷம் இருந்தார். தங்கை கொட்டகையின் விளிம்பை வெறுங்கையால் தூக்கப் பார்த்தாள். நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. இன்னொரு ஜாக்கியை இந்தப் பக்கம் மாற்றிப் போட்டுத் தூக்கியிருந்தால் மூன்று நிமிஷ வேலை. நான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யப் போனேன். போன் உள்ளறையில் இருந்தது. வழியில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போனேன்.

நான் திரும்பி வந்தபோது அவள் தரையோடு தரையாகக் குனிந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளிடம், "நீ பாக்காத... உள்ள போ" என்றார். கடைசியாக அவர் சொன்னது அதுதான். அவள் போகவில்லை.

அதிகாரி வந்தார். நல்ல மனிதர். தங்கை அவரிடம், "நான்தான் இழுத்தேன், நான்தான் இழுத்தேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவரைத் தனியே அழைத்துப்போய், தச்சர் கொஞ்சம் அவசரக்காரர், நாலு கட்டைதான் அடுக்கியிருந்தார் என்றேன். அவர் எண்ணிப் பார்த்தார். நாலுதான் இருந்தது. விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் தங்கை என்னிடம் கேட்டாள்.

"அண்ணா, நீங்க வெள்ளைன்னுதானே சொன்னீங்க?"

"நீலம்னு சொன்னேன் பாப்பா."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "நான் வெள்ளையான்னு கேட்டேனே" என்றாள்.

"எனக்குக் கேக்கலையே. கேட்டிருந்தா விட்டிருப்பேனா?"

அவள் என்னை நம்பினாள். இருபத்தேழு வருஷமாக நான் சொன்ன எதையும் அவள் சந்தேகப்பட்டதில்லை.

இந்தப் பதினோரு மாதமும் அவளை நான் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. வேலைக்குப் போக ஆரம்பித்தாள். கை நடுங்கியது. திருகாணிகள் கீழே விழுந்தன. கடைக்காரர் இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வீட்டில் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார். எனக்கு அது ஒரு வகையில் நிம்மதியாக இருந்தது. மறுபடி டம்ளர் இரண்டானது. சாப்பாட்டை நான் பிசைந்து வைத்தால் சாப்பிடுவாள்.

சாப்பிடும்போதுதான் கேட்பாள். "அவர் ஏன் என்னை உள்ள போன்னு சொன்னார்? என் மேல கோபமா அண்ணா?"

கோபம் இல்லை. நான் பக்கத்தில் நின்று கேட்டேன். தன்னை அந்த நிலையில் அவள் பார்க்கக் கூடாது என்று சொன்ன குரல் அது. மூச்சு கிடைக்காத நிலையிலும் அவ்வளவு மென்மையாகச் சொன்னார். ஆனால் அவளிடம் நான், "தெரியலையே பாப்பா" என்று மட்டும்தான் சொல்லிவந்தேன்.

கூடவே அவளைத் தேற்றியும் வந்தேன். "நீ வேணும்னேவா செஞ்சிருப்ப? மாட்ட. மனசுக்குள்ள கல்யாணத்தை நெனச்சு ஒரு பயம் இருந்திருக்கும். இந்த வயசுக்கு மேல எதுக்குன்னு தோணியிருக்கும். அதுல கை தன்னால போயிருக்கும். அதுக்கு நீ என்ன பண்ணுவ?" என்பேன். முதலில் இல்லை இல்லை என்று தலையாட்டுவாள். சில மாதம் போனபின் தலையாட்டுவதை விட்டுவிட்டாள். போன வாரம் அவளே, "ஆமா அண்ணா. நான் வேணும்னுதான் இழுத்திருக்கேன் போல" என்றாள். நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

இன்று காலை நான் குளித்துவிட்டு வந்தபோது அவள் வீட்டில் இல்லை. முற்றத்தில் தேடினேன், கொட்டகையில் தேடினேன். பிறகு இந்த ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. உங்கள் தங்கை வந்திருக்கிறார், தச்சரைத் திட்டம் போட்டுக் கொன்றது தான்தான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றார்கள்.

அதனால்தான் வந்தேன், ஐயா. அவள் எழுதிக் கொடுத்ததைக் கிழித்துப் போடுங்கள். கட்டையை எடுத்தது நான். வெள்ளைக் கயிறு என்று சொன்னது நான். தச்சரைக் கொன்றது நான். அவளை நீங்கள் உள்ளே வைத்துவிட்டால் அந்த வீட்டில் நான் யாரோடு இருப்பேன்? இவ்வளவும் அதற்காகவா செய்தேன்?

ஒரே ஒரு வேண்டுகோள். இதை அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். ஏதோ கணக்குப் பிசகு, சரியாகிவிட்டது, அண்ணனோடு வீட்டுக்குப் போ என்று சொன்னால் போதும், கேட்டுக்கொள்வாள். எனக்கு என்ன தண்டனையோ அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். சீக்கிரம் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். வெளியே இருக்கிற பெரிய சாலையை அவளுக்குத் தனியாகக் கடக்கத் தெரியாது, சின்ன வயதிலிருந்தே நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப் போவேன். இன்று காலை எப்படித் தனியாகக் கடந்து வந்தாள் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.