முகம் போடாத படம்

நல்ல தோல் சப்பாத்தை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, அதிகாரி ஐயா. உங்கள் சப்பாத்தை உங்கள் ஆள் அப்படித்தான் துடைக்கிறான் போலிருக்கிறது, ஓரமெல்லாம் வெளுத்துவிட்டது. பதினெட்டு வருஷம் எஜமான் தெலவாலின் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டவன் நான், அதனால் கண்ணில் பட்டுவிட்டது.

அவர் பஞ்சாலை முதலாளி. செத்துப்போன வோபேர் கேலிச்சித்திரக்காரர். கல்லில் வரைந்து அச்சடித்து வாராவாரம் கடைக் கண்ணாடியில் தொங்கவிடுவார். பாரீஸில் பாதிப்பேர் வேலையை விட்டுவிட்டு அங்கேதான் நிற்பார்கள். போன வாரப் படத்தில் எஜமான் கோழிக்கால் கடிக்கிறார். நாற்காலிக்குப் பதில், மண்டியிட்டுக் கையூன்றி நிற்கும் ஒரு வேலைக்காரனின் முதுகு. எஜமானின் கோட்டு வால் அவன் தலையை மூடியிருந்தது. சுற்றிலும் ஆலைத் தொழிலாளிகள், நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

"கீழ இருக்கறது நீதானய்யா? குனியற அழகப் பாத்தாலே தெரியுதே" என்றாள் சமையற்காரி மாத்துரின். எஜமானை இப்படிக் கேவலப்படுத்திவிட்டார்களே என்றுதான் எனக்குப் பட்டது.

எஜமான் என்னவோ மூன்று பிரதி வாங்கினார். ஒன்றைச் சட்டம் போட்டுச் சாப்பாட்டு அறையில் மாட்டி, "நானும் பெரிய மனுஷனாயிட்டேன்யா, என்னையே வரைஞ்சுட்டான்" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"அடியில இருக்கறது யாரு?" என்று விருந்தாளி ஒருவர் கேட்டார்.

"யாரோ ஒருத்தன். முதுகுதானே வேணும்" என்றார் எஜமான்.

நான் அவர் கோப்பையில் ஒயின் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

மறுநாள் மதியம் வோபேரின் பட்டறைக்குப் போனேன். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். படம் இருந்த கல்லின் மேல் ஈரமணலைப் போட்டு, இன்னொரு கல்லை வைத்து வோபேர் மட்டும் சுற்றிச் சுற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார். அடுத்த படத்துக்குப் பழையதை அப்படித்தான் அழிப்பார்களாம். நான் தொப்பியைக் கழற்றிக்கொண்டுதான் பேசினேன்.

"அந்தக் கோட்டு வாலைக் கொஞ்சம் தூக்கி, அடியில இருக்கறவனுக்கு ஒரு முகம் போடுங்கய்யா. விசுவாசமான முகம். அப்பதான் எங்க எஜமானுக்கு மரியாதை."

சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை.

"யோவ், நான் உங்க பக்கம்தான்யா. முகம் போட்டா ஜனங்க பாவப்படுவாங்க, சிரிக்க மாட்டாங்க. அதுவுமில்லாம பாதி அழிஞ்சே போச்சு, பாரு."

எட்டிப் பார்த்தேன். கல்லில் எஜமான் இன்னும் இருந்தார். அடியில் இருந்தவனின் முதுகைத்தான் வோபேர் முதலில் அழித்திருந்தார்.

மேல்கல்லை எடுத்தேன். கனம்தான், ஆனால் தினமும் மூன்று மாடிக்கு விறகு சுமந்த கை இது. முதல் அடி காதுக்கு மேல், விழுந்துவிட்டார். இரண்டாவதில் தாடை போயிற்று. மூன்றாவது தேவையே இல்லை என்கிறார் உங்கள் மருத்துவர். அது எனக்கு அப்போது தெரியாது. பிறகு முகத்தில் மணலைத் தூவி, தண்ணீர் தெளித்து, கல்லை வைத்துத் தேய்த்தேன். மூக்கு சீக்கிரம் போய்விட்டது. நெற்றிதான் நேரம் பிடித்தது. எலும்பு தெரிந்ததும் தரையைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போய், எஜமானின் மாலைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டேன்.

கோபத்தில் செய்யவில்லை, ஐயா. எனக்காகவும் செய்யவில்லை. எல்லாம் எஜமானின் மானத்துக்காகத்தான்.

பெயரா? எனக்கு வைத்த பெயர் தியோஃபில் கரான். அந்த வீட்டில் என் வேலையைப் பார்ப்பவனை பாப்திஸ்த் என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு முன்னால் இருந்தவனும் பாப்திஸ்த்தான். இந்நேரம் புதிதாக ஒருவன் வந்திருப்பான். நீங்கள் பாப்திஸ்த் என்றே எழுதிக்கொள்ளுங்கள். வேறு பெயர் போட்டால், தனக்காக இதைச் செய்தது யார் என்று எஜமானுக்குத் தெரியாமல் போய்விடும்.