பேக்கிங் மேசையின் பேரரசிக்குப் பார்சல் நிலையத்தார் வாசித்தளிக்கும் பிரிவு மடல்

அட்டைப்பெட்டிகளை ஆளவந்த அம்மணியே! கடல் கடந்து போகும் கண்ணாடிகளைக் காத்து நின்ற கைகளுக்குச் சொந்தக்காரியே! கத்தரிக்கோலைத் தேடாமல், பல்லாலும் கடிக்காமல், டேப்பை ஒரே இழுப்பில் அறுக்கத் தெரிந்த ஒப்பற்ற ஒருவரே! வாடிக்கையாளர் வாய் திறக்கும் முன்பே பொருளை வாங்கி வைத்துக்கொள்ளும் வல்லமையே! வயது வித்தியாசம் பாராமல் எங்கள் அனைவருக்கும் அக்காவாய் அமைந்த அன்பே! வணக்கம், வணக்கம், இருகரம் கூப்பி மீண்டும் வணக்கம்!

இத்துடன் உங்களை நேரே விளிப்பதை நிறுத்திக்கொள்கிறோம். காரணம் நீங்களேதான். "என் மூஞ்சியைப் பார்த்துப் புகழ்றதுன்னு ஏதாவது ஆரம்பிச்சீங்க, எழுந்து போய் வேன்ல உக்காந்துக்குவேன், சொல்லிட்டேன்" என்று போன வாரம் எச்சரித்தீர்கள். சொன்னதைச் செய்கிற ஆள் நீங்கள். ஆகவே, முதல் வரிசையில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தையும் பேசப்போவதில்லை. பேக்கிங் மேசைக்காரர் ஒருவரைப் பற்றி, யாரோ எவரோ என்பதுபோல், எங்களுக்குள் பேசிக்கொள்கிறோம். அது அவர் காதில் விழுந்தால் நாங்கள் பொறுப்பல்ல.

அந்த அக்கா இந்தப் பார்சல் நிலையத்தில் காலடி வைத்தபோது எங்களில் பாதிப் பேர் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். முன்னால் பில் போடும் இடம், பக்கத்தில் தராசு, பின்னால் தகரம் அடித்த நீள மேசை, அதற்கும் பின்னால் வேன் நிற்கும் முற்றம். இவ்வளவுதான் அவருடைய ராஜ்ஜியம். ஆனால் அந்த மேசையிலிருந்து கிளம்பிய பெட்டிகள் போகாத கண்டம் கிடையாது. பேரப்பிள்ளைக்குப் பின்னிய குல்லாய் போயிருக்கிறது. மாப்பிள்ளைக்குத் தைத்த கோட்டு போயிருக்கிறது. மகன் வீட்டுக்குப் பறந்த அவசரத்தில் ஒரு தாத்தா விட்டுவிட்டுப் போன பல்செட், அவர் பின்னாலேயே பறந்து போயிருக்கிறது.

பொருளைக் கையில் வாங்கியதும் எங்களைப்போல "என்ன சாமான், எந்த ஊர்" என்று அவர் கேட்பதில்லை. "பிரிக்கப்போறது யாரு?" என்றுதான் முதலில் கேட்பார். வயதானவர் என்றாலோ, மூட்டுவலிக்காரர் என்றாலோ, இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு கையால் பிரிக்கிறவர் என்றாலோ, கடைசி டேப்பின் முனையை ஒரு விரற்கடை மடித்து, ஒட்டாமல் விட்டுவிடுவார். அதைப் பிடித்து இழுத்தால் போதும், பெட்டி திறந்துகொள்ளும். நகமும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். அந்த மடிப்புக்கு எங்கள் நிலையத்தில் வால் என்று பெயர்.

அப்புறம் அந்தத் தள்ளல்! கட்டி முடித்த பெட்டியை, லேபிள் ஒட்டுமுன், மேசை விளிம்புக்கு நகர்த்தி வாடிக்கையாளர் கண்ணெதிரிலேயே ஒரு தள்ளு. தொப்பென்று தரையில் விழும். புதிதாக வருகிறவர்கள் அலறிவிடுவார்கள். ஓர் அம்மா "ஐயையோ, என் பீங்கான்!" என்று நெஞ்சில் கை வைத்தபடி தராசின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். தராசுக்காரர் நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா அசரவில்லை. "போற வழியில இதைவிடக் கேவலமா வீசுவாங்கம்மா. உடையறதா இருந்தா இங்கயே உடையட்டும், நான் பதில் சொல்றேன்" என்றபடி பெட்டியைத் தூக்கிக் காதருகே குலுக்கிக் காட்டினார். பீங்கான் பத்திரமாகத்தான் இருந்தது.

குறையே இல்லாதவர் என்று சொன்னால் அவரே சிரித்துவிடுவார். ஒரு சமயம் சுவர்க் கடிகாரம் ஒன்றை அற்புதமாகக் கட்டினார், ஆனால் பேட்டரியைக் கழற்ற மறந்துவிட்டார். டிக் டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டே அது விமான நிலையத்துக்குப் போக, அங்கே ஆளுக்கொரு பக்கம் ஓட, பெட்டியைப் பிரித்துப் பார்த்த பிறகு அக்காவைக் கூப்பிட்டனுப்பினார்கள். நாங்களும் கூடவே போனோம். அக்கா பெட்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். "பேட்டரி என் தப்பு, ஒத்துக்கிறேன். ஆனா இதை மூடினவர் யாருங்க? மூடியிருக்கிற லட்சணத்தைப் பாருங்க! இப்படியே அனுப்ப நான் விடமாட்டேன்" என்று அங்கேயே டேப்பைக் கையில் எடுத்துவிட்டார். மறுபடி கட்டி, அதிகாரி மேசையிலிருந்தே ஒரு தள்ளு தள்ளி, குலுக்கிக் காட்டிவிட்டுத்தான் வந்தார். அன்று முதல் விமான நிலையத்தில் எங்களுக்குக் கடிகாரக் கடை என்று பெயர்.

இத்தனை பெருமைக்கும் நடுவே ஒரு பிடிவாதம். மற்றதையெல்லாம் யார் வேண்டுமானாலும் கட்டலாம், கண்ணாடி என்றால் மட்டும் அவர் கைதான். "நகருங்க, நான் பாத்துக்கிறேன்" என்பார். நாங்களும் நகர்ந்துவிடுவோம். அவர் விடுப்பில் இருக்கும் நாளில் கண்ணாடிச் சாமானோடு யாராவது வந்தால், "நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்புவோம். வெட்கம்தான், என்ன செய்வது?

இதனால் காத்துக் கிடந்தவர் அவருடைய ஒரே மகள். வெளிநாட்டில் இருக்கிறார். தலைப்பிரசவம், அடுத்த மாதம். கணவருக்கு இரவும் பகலும் மாறி மாறி வேலை, பக்கத்தில் வேறு துணையில்லை. "வாம்மா, எனக்குப் பயமா இருக்கு" என்று உண்டான நாளிலிருந்து கூப்பிடுகிறார். அக்கா பெட்டி பெட்டியாக அனுப்பினார். குழந்தைத் துணி, குட்டி மெத்தை, மருமகனுக்கு ஸ்வெட்டர் எல்லாம் அனுப்பினார், தன்னைத் தவிர. மருமகன் எடுத்துக்கொடுத்த விமானச் சீட்டின் தேதியை இரண்டு முறை தள்ளிப்போட்டாயிற்று. "வரேன்டி, வராம எங்க போகப்போறேன்? நான் வந்துட்டா இங்க கண்ணாடியை யாரு கட்டுவா, நீயே சொல்லு" என்று போனில் அவர் மகளைச் சமாதானப்படுத்துவதை மேசைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறோம். ஓய்வு பெற்ற பிறகாவது போவார் என்று நம்பினோம். போன வாரம் முதலாளியிடம், "ரிட்டயர் ஆனா என்ன, தினம் காலையில வந்து கண்ணாடி மட்டும் கட்டிக் கொடுத்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டார். முதலாளி எங்களைப் பார்த்தார். நாங்கள் மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தோம்.

இப்போது அந்த அக்காவுக்குத் தெரியாத ஒரு செய்தி. கைப்பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொள்ளலாம். இது இரண்டாவது மடல்! முதல் மடல் இதைவிட அழகானது. பொன்னிற எழுத்து, தேக்குச் சட்டம், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. ஒரு மாதத்துக்கு முன்பே சட்டம் போட்டு வந்துவிட்டது. அக்கா கண்ணுக்குத் தப்பும் மூலை இந்த நிலையத்தில் ஏது? பார்சலாகக் கட்டிப் பார்சல்களோடு வைத்துவிடுவது என்று முடிவு செய்தோம். அவர் கண் டாக்டரிடம் போயிருந்த காலையில் தராசுக்காரர் பபிள் ஷீட்டைச் சுற்றினார், லேபிள் தங்கச்சி காகிதத்தைக் கசக்கி மூலைகளில் அடைத்தார், பில் போடும் அண்ணன் டேப்பைப் பிடித்தார். மூவரும் ஆளுக்கு இரண்டு முறை சரிபார்த்தார்கள். கண்ணாடியாயிற்றே! அலமாரியில் சும்மா இருக்கப்போகிற பெட்டிதான், ஆனாலும் பழக்கதோஷம் விடுமா? கண்ணை இறுக மூடிக்கொண்டு தள்ளிவிட்டோம். எடுத்துக் குலுக்கினோம். சத்தமே இல்லை.

லேபிள் இல்லாத பெட்டியைப் பார்த்தால் அக்கா உடனே பிரித்துவிடுவார். லேபிள் மெஷினோ முழு விலாசம் கொடுக்காமல் அச்சடிக்காது. தங்கச்சிக்கு மனப்பாடமாகத் தெரிந்த விலாசம் ஒன்றே ஒன்றுதான், அக்காவின் மகள் வீட்டு விலாசம். அதையே அடித்து ஒட்டி, லேபிள் சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார். அக்கா திரும்பி வருமுன் வேன் ஓட்டுநர் வந்துவிட்டார். லேபிள் ஒட்டியிருந்தால் முதலாளியையே ஏற்றிக்கொண்டு போகிற மனிதர் அவர். சாயங்காலம் பார்த்தால் பெட்டியைக் காணோம். "ஒட்டியிருந்துச்சு, ஏத்தினேன்" என்றார். அவர் சொன்னதில் என்ன தப்பு? பார்சல் அனுப்பிப் பிழைக்கிற நாங்கள், பிரிவு விழாப் பரிசையே விமானத்தில் அனுப்பிவிட்டு முழித்துக்கொண்டு நின்றோம்.

அதன் பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. மடல் போனால் வேறு எழுதிக்கொள்ளலாம். நிறைமாதக்காரி ஒருத்தி உடைந்த கண்ணாடிக்குள் கையை விட்டுவிட்டால்? வெட்கத்தை விட்டு, லேபிளில் இருந்த எண்ணுக்கு ஒருவழியாகச் செய்தி அனுப்பினோம். "பெட்டி வந்தால் பிரிக்காதே அம்மா, உள்ளே கண்ணாடி. கட்டியது உன் அம்மா இல்லை, நாங்கள். அம்மாவிடம் சொல்லிவிடாதே." பதிலாக மகளின் குரல் வந்தது. அவர் பேசியதை அப்படியே எழுதி வைத்திருக்கிறோம்:

"அண்ணா, உங்க மெசேஜை இப்பத்தான் பார்க்கிறேன். பெட்டியைப் பிரிச்சு, படிச்சு, அழுது முடிச்சாச்சு! வீட்டுல நான் மட்டும்தான் இருந்தேன். குனியவும் முடியல, கத்தி தேடவும் முடியல. வால் இருந்துச்சு, இழுத்தேன், திறந்துக்கிச்சு. கண்ணாடியில ஒரு கீறல்கூட இல்ல. அம்மா கட்டினதுன்னே நினைச்சேன். நிஜமாவே நீங்கதான் கட்டினீங்களா? அப்படின்னா அம்மா அங்கயே இருந்தாகணும்னு இல்லையேண்ணா?"

வாலை மடித்தது யார் என்று விசாரித்தோம். மூன்று பேருமே "நான்தான்" என்கிறார்கள்.

அக்கா! இனிமேலும் யாரோ ஒருவரைப் பற்றிப் பேசுவதாக எங்களால் நடிக்க முடியாது. உங்களைத்தான் சொல்கிறோம். வேனுக்குப் போகாதீர்கள், சாவி எங்களிடம் இருக்கிறது. நீங்கள் எங்களுக்கு ஒருநாளும் சொல்லிக் கொடுத்ததில்லை, நகரத்தான் சொன்னீர்கள். நகர்ந்து நின்ற இடத்திலிருந்து எட்டி எட்டிப் பார்த்தே உங்கள் கையை நாங்கள் களவாடிவிட்டோம்! பெற்ற மகளுக்கே வித்தியாசம் தெரியவில்லை என்றால் இதைவிடப் பெரிய பரீட்சை எங்களுக்கு வேறென்ன இருக்கிறது? தேறிவிட்டோம் அக்கா, தேறிவிட்டோம்! இன்று முதல் இந்த மேசையில் கண்ணாடி எங்கள் கையில். உங்கள் மகளோ அங்கே நாளை எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறார். போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். முதல் மடலை அங்கே ஹாலில் மாட்டியிருக்கிறார்களாம். படிக்க வேண்டுமானால் அங்கே போய்த்தான் படிக்க வேண்டும், இங்கே நகல் கிடைக்காது. சீட்டு வரும் வெள்ளிக்கிழமைக்கு. மருமகனோடு பேசித் தேதியை முதலாளியே உறுதி செய்துவிட்டார்.

உங்கள் கால்வலி இந்த மேசையடியிலேயே கிடந்து தொலையட்டும்! உங்கள் கண்கள் பேரப்பிள்ளையின் முகம் பார்த்துக் குளிரட்டும்! சுகப்பிரசவச் சேதி எங்கள் வாசலை வந்து எட்டட்டும்! நூறு வயதைத் தாண்டியும் உங்கள் அதட்டல் அந்த வீட்டில் கணீரென்று ஒலிக்கட்டும்! வியாழன் மாலை உங்கள் பெட்டியைக் கட்ட நாங்கள் அனைவரும் வீட்டுக்கு வருகிறோம். நீங்கள் அதில் கை வைக்கக் கூடாது.

நகருங்கக்கா, நாங்க பாத்துக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் தராசுக்காரர், லேபிள் தங்கச்சி, பில் போடும் அண்ணன்,
லேபிளைப் படித்துப் பார்த்து ஏற்றுவதாக உறுதியளிக்கும் வேன் ஓட்டுநர்,
மற்றும் முதலாளி