மல்காவுக்கு வெல்லம் ஆகாது

இல்லீங்கம்மா, மத்ததெல்லாம் உங்க இஷ்டம். பூ போடுங்க, ஜரிகைத் துணி போத்துங்க, பேண்டு வாத்தியத்தக் காதுகிட்டயே அடிங்க, எங்க குதிரை மல்கா அசைய மாட்டா. வெல்லம் மட்டும் யாரும் குடுக்கக் கூடாது.

தெரியும்மா. மாப்பிள்ளை ஏறி வர்ற குதிரைய வெறும் வாயோட அனுப்பக் கூடாது, அதான வழக்கம். எங்கள்லயும் சக்கரை ஊட்டுவாங்க. ஒரு வூட்ல ஒரு கைன்னா பரவால்ல. உங்க கம்பைநல்லூர்ல ஊர்வலம் சுத்தற தெருவுல எத்தன வூடு இருக்குது? ஒருத்தி குடுத்தா அடுத்தவ சும்மா இருப்பாளா? அப்படித் தின்னுதான் இவ கழுத்துல கொழுப்பு மேடா ஏறிக்கிச்சு. பாக்கறவங்க எல்லாம் என்னா அழகுன்னாங்க. எங்க வூட்டுக்காரருக்கும் பெருமைதான். ஆட்டோ வந்து ஜட்கா படுத்துக்கிச்சு, வண்டிய வித்துட்டாரு. அப்புறம் இவதான் எங்களுக்குச் சோறு போட்டா.

அவரக் கேட்டுத்தான் சொல்லணும்னு இல்லம்மா, எங்கிட்டயே பேசலாம். உக்காருங்க.

போன வருசம் இண்டூர்ல ஒரு கல்யாணம். மறுநாக் காலைல லாயத்த வுட்டு வெளிய வரமாட்டேங்கறா. முன்னங்கால் ரெண்டையும் நீட்டிக்கிட்டு, பாரம் பூராவும் பின்னாலயே போட்டு நிக்கறா. குளம்பத் தொட்டா அப்படியே கொதிக்குது. ஆணி குத்தியிருக்கும்னு லாடத்தக் கழட்டிப் பாத்தாங்க, அது இல்ல. பெங்களூர்ல படிச்ச மாட்டு டாக்டரு ஒருத்தரு அப்பத்தான் தர்மபுரிக்கு மாத்தலாகி வந்திருந்தாரு. அவருதான் சொன்னாரு, இது இனிப்புத் தின்னு வந்த வெனைன்னு.

ஆமாங்கறேன், சக்கரைச் சீக்கு குதிரைக்குந்தான் வருது. ஆனா நம்மளாட்டம் இல்ல. மனுசனுக்கு இன்சுலின் ஊறலன்னா ஊசி போடறோம். இவளுக்கு அது மேல மேல ஊறுது, ஒடம்பு அத மதிக்க மாட்டேங்குது, ஊறுனது போயி குளம்பக் கெடுக்குதுன்னாரு. இதுக்கு ஊசி கெடையாது, வாயக் கட்டறதுதான் மருந்துன்னுட்டாரு. எனக்கு அது சட்டுனு வெளங்கிடுச்சு. எங்க வூட்டுக்காரருக்கும் சக்கரை இருந்துச்சு இல்ல, ஒல்லி ஆளு, எளவயசுலயே வந்துடுச்சு. தெனமும் நாந்தான் ஊசி போடுவேன்.

கொள்ளு கெடையாது, தவிடு கெடையாது, பச்சப் புல்லு கெடையாதுன்னாச்சு. ராகி வைக்கோலத் தொட்டித் தண்ணில ஊறப்போட்டு, தண்ணிய வடிச்சுட்டு சக்கையாட்டம் குடுக்கணும். ஊறுனா அதுல இருக்கற இனிப்பு எறங்கிடுமாம். காலுக்கு அடியில மணல் கொட்டுனோம். எங்க வூட்டுக்காரரு குளம்புக்குத் தண்ணி ஊத்திக்கிட்டே உக்காந்திருப்பாரு. பசில அவ கத்துனா தெருவே எழுந்துக்கும். பக்கத்து வூட்டு ரோசம்மா மனசு கேக்காம வெல்லக்கட்டி கொண்டாந்தா. இவரு கையெடுத்துக் கும்புட்டுத் திருப்பி அனுப்பிட்டாரு. பிரியாணி வாசன வந்தாத் தன் வாயக் கட்ட மாட்டாரு, அந்த மனுசன் இவ வாயக் கட்டுனாரு பாருங்க.

இன்னொண்ணு கேளுங்க. அவரு மூத்திரத்தக் காச்சிப் பாக்கறதுக்கு ஒரு நீல மருந்து வெச்சிருந்தோம். அதுல மல்காவோடதையும் ஊத்திக் காச்சுனாரு. நீங்க சிரிக்கறீங்க, நானும் அப்பச் சிரிச்சேன். அவருக்குச் சக்கரை எறங்கிச் செங்கல் கலரு வரும். இவளுக்கு நீலம் நீலமாவே நின்னுச்சு. அதுல இருந்து அவருக்கு ஒரு நெனப்பு புடிச்சுக்கிச்சு.

எந்திரிச்சுட்டாம்மா, நல்லா எந்திரிச்சுட்டா. கொழுப்பு கரைஞ்சு, சூடு எறங்கி, அவரு பின்னாலயே சந்து முச்சூடும் நடந்தா. அன்னைக்கு வந்து சொல்றாரு, அவளுக்கும் எனக்கும் ஒரே சீக்கு, ஊசி இல்லாமயே அவ பொழச்சுட்டா, எனக்கு மட்டும் எதுக்குன்னு. அது வேற இது வேறன்னு டாக்டரு சொன்னாரேங்க, அவளுக்கு ஊறுது, உங்களுக்கு ஊறலன்னு நானும் சொல்லிப் பாத்தேன். பொம்பள பேச்சு எங்க எடுபடுது. சோத்த வுட்டாரு, டீல சக்கரைய வுட்டாரு. நான் ஊசிய எடுத்துக்கிட்டுப் போனா கைய ஒதறிட்டு மல்காவ நடத்தக் கெளம்பிடுவாரு.

கல்யாணத்தன்னைக்கு அவரு வருவாரா? வரமாட்டாரும்மா. ஒரே தாகம், ஒரே வாந்தி, அப்புறம் மூச்சு வாங்குச்சு. பெரிய ஆஸ்பத்திரி போறதுக்குள்ள மௌத்தாயிட்டாரு. போன மாசம்.

எழுந்துக்காதீங்க, உக்காருங்க. நான் அழுவல. அழுகை வரட்டும்னு ஒக்காந்து பாத்தேன், வரல. அவர எடுத்துக்கிட்டுப் போனதும் நேரா முத்தத்துத் தொட்டிகிட்ட போயி அவளுக்கு வைக்கோல் ஊறப்போட்டேன், கை பாட்டுக்குச் செய்யுது. கல்யாணத்தன்னைக்கு என் கொழுந்தன் நசீருதீன் புடிச்சுக்கிட்டு வருவான். நான் வர முடியாது, எங்கள்ல புருசன் போயிட்டா நாலு மாசம் பத்து நாளு வாசப்படி தாண்டக் கூடாது. நீங்களே எதிர்ச் சந்துல போயி மல்காவப் பாத்துட்டு வாங்க. அவளுக்கு ஒண்ணுமில்லம்மா, நல்லா இருக்கறா.