துணை மொட்டை

உங்க பூட்டனுக்குப் பூட்டன் வலை இழுத்த காலத்திலே, நாகூருக்கு வடக்கே நண்டுமேட்டுக்குப்பம்னு ஒரு ஊர். அங்கே ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்ட ரெண்டு மருமகளுங்க. மூத்தவ காத்தாயி, இளையவ பொன்னாச்சி. கதை மூத்தவளோடது. குறுக்கே பேசாம கேளுங்க.

பொன்னாச்சிக்குக் கூந்தல். கூந்தல்னா அதுதான் கூந்தல். அவிழ்த்துவிட்டா முழங்காலைத் தொடுமாம். அவ கிணத்தடியிலே தலை காயவச்சா, தண்ணிக்கு வந்தவளுங்க குடத்தை மறந்து நிப்பாங்களாம். காத்தாயிக்கு எலிவால். கொண்டை போட்டா சுண்டைக்காய்.

மாமியா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தா, "பொன்னாச்சி, வாடி"ன்னுதான் கூப்பிடுவாளாம். காத்தாயி பக்கத்திலே போய் நின்னா, "உனக்கு எதுக்குடி, என் விரல்லே ஒட்டுறதே போதுமே"ன்னு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு காத்தாயி வயித்துலே நெருப்புக் கங்கா கிடந்ததாம்.

ஒரு ஐப்பசியிலே புயல். பொன்னாச்சி புருஷன் தாண்டவன் போன கட்டுமரம் திரும்பலை. கரையெல்லாம் அழுகை. ஆளாளுக்கு வேண்டிக்கிட்டாங்க. ஒருத்தி மாரியாத்தாளுக்குக் கூழு, ஒருத்தி நாகூர் ஆண்டவருக்குச் சர்க்கரைன்னு. அப்போ காத்தாயி முன்னாலே வந்து, தர்காக் கோபுரம் மனோரா தெரியிற திசையைப் பார்த்துக் கையெடுத்தாளாம்.

"நாகூர் ஆண்டவரே! என் கொழுந்தன் உசுரோட வந்தா, இந்தப் பொன்னாச்சி கூந்தலை உங்க சன்னிதியிலே இறக்கறோம்!"

"பாருடி, மூத்தவளுக்கு என்ன மனசு!"ன்னு ஊரே உருகிச்சாம். உள்ளே என்ன மனசுன்னு அவளுக்குத்தான் தெரியும். தாண்டவன் வரணும். வந்தாத்தானே கூந்தல் போகும்? பெண்டாட்டி வேண்டினதைவிட இவதான் உருகி உருகி வேண்டினாளாம்.

வந்துட்டான். கோடிக்கரைப் பக்கம் ஒதுங்கி, உப்பு வண்டியிலே ஏறி, எலும்பும் தோலுமா வந்து நின்னான். காத்தாயி கட்டிப்பிடிச்சு அழுதாளாம். அது நிஜ அழுகை.

குடும்பமா நாகூருக்கு நடந்தாங்க. தர்கா வாசல்லே திருநீறு பூசின தலையும் நிக்குது, தொப்பி போட்ட தலையும் நிக்குது. மேலே புறா. குளக்கரையிலே கத்தியோட மீராக்கனி ஒஸ்தா. மொட்டை போடறதுலே பேரு வாங்கின கை.

"வேண்டிக்கிட்டது யாரும்மா?"

"நான்தான்"னா காத்தாயி.

"இறக்கற முடி?"

"அவளோடது."

ஒஸ்தா மூத்தவளைப் பார்த்தாரு, இளையவளைப் பார்த்தாரு. "வாய் உன்னோடது, தலை அவளோடதா? கெட்டிக்காரிதாம்மா நீ"ன்னு கத்தியைத் தீட்டினாராம்.

பொன்னாச்சி அசையலை. "போடுங்கண்ணே. என் புருஷனைவிடவா இந்த மயிரு?"

விழுந்துச்சு. கறுகறுன்னு மடியிலே, கல்லுலே, தரையிலே. காத்தாயிக்குக் குளுகுளுன்னு இருந்துச்சாம். இன்னையோட சரி, ஒழிஞ்சது.

ஒஸ்தா தண்ணி ஊத்திக் கழுவினாரு. சந்தனம் பூசினாரு. பொன்னாச்சி நிமிர்ந்தா. தேய்ச்சு வச்ச வெண்கலச் செம்பு மாதிரி தலை. அதுக்குக் கீழே அந்தக் கண்ணு.

சர்க்கரைப் பொட்டலம் விக்கிற சுல்தான் பீவி கூவினாளாம்: "யா அல்லா! இந்த மொகத்தை இத்தனை நாளா மயிருதானே மறைச்சிருக்கு! நிலாவைப் பாருங்கடி!"

கூட்டம் கூடிருச்சு. "என் மருமவ, என் மருமவ"ன்னு மாமியா நெட்டி முறிக்கிறா.

காத்தாயி நின்னா. கங்கு மறுபடி பத்திக்கிச்சு. மயிரு இருந்தாலும் அவதான், போனாலும் அவதானா? விறுவிறுன்னு போய் அதே கல்லுலே உக்காந்தாளாம்.

"எனக்கும் போடு."

"உனக்கு என்னம்மா வேண்டுதல்?"

"வேண்டுதல் இருந்தாத்தான் போடுவியா? போடுய்யா!"

போட்டாரு. மேடும் பள்ளமுமா ஒரு தலை வந்துச்சு. நடுவுலே, சின்ன வயசுலே துடுப்பு பட்ட தழும்பு. நிலான்னு யாரும் சொல்லலை.

ஆனா, முடி விழுந்தப்போ அழாத பொன்னாச்சி, இப்போ ஓடிவந்து அவ காலைக் கட்டிக்கிட்டு அழுதாளாம். "அக்கா! நான் மட்டும் மொட்டையா நிக்கக் கூடாதுன்னுதானா? எனக்குத் துணைக்கா?"

இல்லடி, வயித்தெரிச்சல்லே போட்டுக்கிட்டேன்னு அத்தனை சனம் நடுவுலே காத்தாயியாலே சொல்ல முடியுமா? மாமியா சந்தனத்தைக் குழைச்சு, அந்த மேடு பள்ளத்துலே அழுத்தி அழுத்திப் பூசினாளாம். காத்தாயி தலையிலே மாமியா கை பட்டது அன்னிக்குத்தான்.

பொறாமை போச்சான்னு கேக்காதீங்க. போகலை. பொன்னாச்சி முடி சீக்கிரம் வளர்ந்துச்சு. காத்தாயி சாகிற வரைக்கும் கண்ணாலே அளந்துக்கிட்டே இருந்தா. அதைத் தன் மகள்கிட்டே அவளே சொன்னா. அப்படித்தான் எங்க வழியிலே கதை இறங்கிச்சு.

இன்னைக்கும் நண்டுமேட்டுக்குப்பத்துப் பொம்பளை நாகூர்லே தனியா முடி இறக்க மாட்டா. ஓரகத்தியோ நாத்தியோ பக்கத்திலே உக்காந்து இன்னொரு மொட்டை. துணை மொட்டைன்னு பேரு. அன்புன்னு ஊரு சொல்லுது. சொல்லிட்டுப் போகட்டும். எங்க வீட்டுப் பொம்பளைங்க மட்டும், கத்தி வைக்கிறதுக்கு முன்னாலே பக்கத்துக் கூந்தலை ஒரு தரம் ஓரக்கண்ணாலே பார்ப்பாங்க.

அந்தப் பார்வைதான் காத்தாயி.