ஒரு சாக்கு பூட்ஸ்

மழை நின்று கொஞ்ச நாள் ஆனால் செம்பூர் மைதானம் கல்லாகிவிடும் என்று நீங்கள் சொன்னது சரிதான், டாக்டர். ஒருமுறை தம்பியின் கால்பந்து ஆட்டம் பார்க்கப் போயிருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஓரத்தில் நின்று பார்த்தேன். பாதம் பொறுக்கவில்லை.

பையன்களுக்குக் கால் உடைவதற்கு நீங்கள் சொன்ன மற்றக் காரணங்களையும் நான் மறுக்கவில்லை. பையன்கள் ஓய்வில்லாமல் ஆடுகிறார்கள். காலையிலும் வடாபாவ், மதியமும் வடாபாவ். பால் குடிப்பதில்லை. நாள் முழுக்க வகுப்பில் உட்கார்ந்துவிட்டு மாலையில் திடீரென்று ஓடுகிறார்கள். பாதத்தின் வெளிப்பக்க எலும்புக்கு ரத்தம் குறைவாகத்தான் போகும், அது உடைந்தால் லேசில் கூடாது என்று படம் வரைந்து காட்டினீர்கள். கவனமாகக் கேட்டுக்கொண்டேன். எனக்கு அதில் பாதிதான் முன்பே தெரியும்.

ஒரே காலேஜில், ஒரே வருஷத்தில், இத்தனை பேருக்கு ஏன் என்று விசாரிக்க உங்களை அனுப்பியிருக்கிறார்கள். நேற்று எங்கள் பூட்ஸ் தைக்கும் கார்கானாவுக்கு வந்து, கால் உடைந்த அனந்தின் இடது பூட்ஸை மேசைமேல் வைத்து, உள்ளே என்ன போட்டுத் தைத்தீர்கள் என்று முதலாளி உதுமான் பாயிடம் கேட்டீர்கள். பாய் முகம் செத்துப்போனது.

"நம்ம கார்கானால டுப்ளிகேட் மால் போடுறதில்ல மேடம். தாராவி முழுக்க யார வேணாலும் கேளுங்க," என்றார்.

அவர் சொன்னது உண்மை. நீங்கள் நம்பவில்லை. அவர்மேல் பழி விழக்கூடாது என்றுதான் இன்று உங்களைத் தேடி வந்தேன். நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

என் பெயர் மாரீஸ்வரி. அந்தக் கார்கானாவில் தைக்கிறேன். இசக்கிதுரை என் தம்பி. உங்கள் ஆஸ்பத்திரியில் இரண்டு முறை ஆபரேஷன் ஆனவன். அம்மா இறந்தபோது அவன் ஒன்றாம் வகுப்பு. அப்பா அதற்கு முன்பே இல்லை. நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மெஷினில் உட்கார்ந்தேன். பிறகு நெருளிலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பையனை ஹாஸ்டலில் போட்டுவிடலாம் என்றார்கள். மாட்டேன் என்றேன். அதற்காக நான் வருத்தப்பட்டதே இல்லை. இதை அவனிடம் அடிக்கடி சொல்லியும் இருக்கிறேன்.

அவன் காலேஜ் மாட்டுங்காவில். பெரிய காலேஜ் இல்லை. ஆளுக்கொரு ஜோடி என்று பூட்ஸ் கிடையாது. எல்லாம் ஒரே சாக்கில் கிடக்கும். ஆட்டத்தன்று சாக்கைத் தரையில் கவிழ்ப்பார்கள். முந்தின ஆட்டத்தில் கோல் போட்டவன் முதலில் எடுப்பான். மற்றவர்கள் பிறகு. அது அவர்கள் வழக்கம். மழைக்காலத்தில் ஆட்டம் இருக்காது. அப்போது சாக்கு ரிப்பேருக்கு எங்களிடம் வரும்.

இவர்களுக்கெல்லாம் உடைவதற்கு முந்தின வருஷம் அந்த டீமில் சாய்நாத் என்ற பையனுக்குப் பாதம் உடைந்தது. அவன் போட்டிருந்த பூட்ஸைப் பிரித்தது நான்தான். அடிப்பாகத்துக்கும் கால் படுகிற அட்டைக்கும் நடுவில் கெட்டியான தகடு ஒன்று இருக்கும். பாதம் நடுவில் மடங்காமல் அதுதான் தாங்கும். அவனுடையதில் அது இரண்டாகப் போயிருந்தது. "இது போனா கால் போச்சு," என்றார் பாய். புதுத் தகடு வைத்துத் தைத்தேன்.

சாய்நாத் ஒரு பருவம் ஆடவில்லை. வீட்டில் படுத்துக்கொண்டு அம்மா கையால் சாப்பிட்டான். பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினான். பிறகு எழுந்து நடந்தான். இது என் மனதில் இருந்தது.

ஜூன் மாதம் துரை சாப்பிடும்போது சொன்னான்.

"யக்கா, பெங்களூர் கிளப்லேர்ந்து ஆள் வாராங்க. கோபர்கைரனேல ஃபைனல் நடக்கும்லா, அதப் பாக்க. புடிச்சிருந்தா கூட்டிட்டுப் போயிருவாங்க."

"படிப்பு?"

"அங்கனயே ஒரு காலேஜ்ல போட்டுருவாங்களாம். நீ டென்ஷன் ஆவாத."

"அங்க ஒனக்கு யாரு பொங்கிப் போடுவா?"

"மெஸ் இருக்குக்கா." சிரித்தான். "நீ எனக்குப் பொங்கிப் பொங்கியே கெழவி ஆயிட்ட. நான் போனா நீ பிந்தாஸ், ஒரு கவல கெடையாது. அந்த நெருள்காரன் இன்னும் காலியாத்தான் இருக்கானான்னு கேட்டுட்டு வரட்டா?"

"வாய மூடிட்டுத் தின்னுல."

நானும் சிரித்தேன். அவன் தன் தட்டிலிருந்த மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தான். நல்ல பையன். நல்ல பையன்களைத்தான் சுலபமாக ஏமாற்றுவார்கள். பெங்களூரில் அவனுக்கு யாரைத் தெரியும். படிப்பு பாதியில் நிற்கும். அங்கே அவனுக்குக் கால் உடைந்தால் யார் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். இங்கே என்றால் நான் இருக்கிறேன்.

சாக்கை அனந்த் கொண்டுவந்தான். மாட்டுங்காவில் வீடு. அவன் அப்பா பாங்கில் ஆபீசர். அந்த வீட்டுப் பிள்ளை தாராவிச் சந்துக்குள் சாக்குத் தூக்கி வருவதைப் பார்த்து எங்கள் ஆட்கள் கேலி செய்வார்கள். அவன் சட்டைசெய்ய மாட்டான்.

"அக்கா, தம்பியோடதை மட்டும் ஸ்பெஷலா தெச்சுடாதீங்கோ. அப்புறம் பிராக்டிஸ்ல நான்தான் அவன் பின்னாடி ஓடணும்," என்றான்.

"யாருக்கும் ஸ்பெஷல் கிடையாது தம்பி. எல்லாத்துக்கும் ஒண்ணுதான்," என்றேன்.

ஒரு ஜோடியில் செய்தால் போதும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவனுக்குப் பதில் சொல்லும்போதுதான் அது முடியாது என்பது உறைத்தது. துரைக்கு எந்த ஜோடி வரும் என்று எனக்கு எப்படித் தெரியும். அவன் கால் எட்டாம் நம்பர். ஆனால் பந்து காலில் ஒட்டவேண்டும் என்று ஏழாம் நம்பரில் காலைத் திணித்துக்கொண்டு ஆடுவான். அது கிடைக்காவிட்டால் இரண்டு சாக்ஸ் மாட்டிக்கொண்டு ஒன்பதாம் நம்பர். ஆக எல்லாவற்றிலும் செய்யவேண்டியதாயிற்று. வேறு வழி இருந்தால் செய்திருப்பேன்.

எல்லோருக்கும் இடது கால்தான் உடைந்திருக்கிறது, அது ஏன் என்று கேட்டீர்கள். துரை வலது காலால் உதைப்பவன். உதைக்கிற கால் பிழைக்கட்டும் என்று நினைத்தேன். இடது பூட்ஸில் மட்டும் தகட்டை எடுத்துவிட்டு, அதே கனத்துக்கு அட்டையை மடித்து ஒட்டினேன். வலதில் ஒன்றைக்கூட நான் தொடவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். காய்ந்த அட்டை விறைப்பாகத்தான் இருக்கும். வியர்வை இறங்க இறங்கத்தான் தொய்யும்.

முதலில் உடைந்தது அனந்துக்கு. அந்த டீமில் இடது காலால் உதைப்பவன் அவன் ஒருவன்தான் என்று பிறகுதான் தெரிந்தது. அதை நான் யோசித்திருக்கவில்லை.

ஊன்றுகோலோடு ஒருநாள் கார்கானா வாசலுக்கு வந்தான்.

"அக்கா, பூட்ஸ்ல ஒண்ணும் இல்லையே? அப்பா கேக்கறார்."

"ஒண்ணுமில்ல தம்பி. தரை அப்பிடி."

"நானும் அதான் சொன்னேன். மாரீஸ்வரி அக்கா தெச்சதுல தப்பு வராதுன்னு."

வெயிலில் வந்திருந்தான். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு நன்றி சொன்னான்.

பிறகு இன்னும் சிலருக்கு உடைந்தது. பெயர்கள் உங்களுக்குத் தெரியும். நடுவில் சாக்கு மறுபடியும் எங்களிடம் வந்தது. ஓரங்கள் பிரிந்திருந்தன, ஒட்டவேண்டும். இந்த முறை துரையே தூக்கி வந்தான். கொஞ்சம் சாய்ந்து நடந்தான். சாக்கின் கனம் என்று நினைத்தேன்.

அப்போது தகடுகளைத் திரும்ப வைத்திருக்கலாம். வைக்கலாமா என்றுகூட யோசித்தேன். துரைக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை. ஃபைனல் நெருங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு பேர் பட்டது வீணாகிவிடக் கூடாது என்று பட்டது. தொய்ந்த அட்டைகளை எடுத்துவிட்டுப் புது அட்டை வைத்தேன்.

துரைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நான் நினைத்தது தவறு. ஃபைனலுக்கு முந்தின வாரம் அவன் வீட்டு மூலையில் குளிக்கிற மோரியில் உட்கார்ந்து கால் கழுவுவதைப் பார்த்தேன். வெளிப்பக்கம் நீலமாக வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் துண்டைப் போட்டு மூடினான்.

"என்னல அது?"

"லோக்கல் ட்ரெயின்ல ஒருத்தன் மிதிச்சுட்டான்."

"வலிக்கா?"

"சே. நேத்துகூட ஓடினேனே."

அது என்ன என்று எனக்குத் தெரியும். ஆடாதே, எலும்பு போயிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பான். அதனால் அவன் வாயாலேயே வரட்டும் என்று காத்திருந்தேன். அந்த வாரம் முழுக்கச் சோறு போடும்போது முகத்தைப் பார்த்தேன். பேசிக்கொண்டேதான் இருந்தான். பெங்களூரில் குளிருமாம், ஸ்வெட்டர் வேண்டுமாம். துணியைக் கிழித்துப் பாதத்தை இறுக்கக் கட்டி, அதன்மேல் சாக்ஸ் மாட்டிக்கொண்டு தினமும் பயிற்சிக்குப் போனான்.

ஃபைனலில் இரண்டு கோல் போட்டான். பெங்களூர்க்காரர்கள் வந்து கை குலுக்கினார்கள். அதன்பிறகு அவனால் பூட்ஸைக் கழற்ற முடியவில்லை. வெட்டித்தான் எடுத்தார்கள்.

உடைந்த எலும்போடு பல வாரம் ஆடியிருக்கிறான், மனிதனால் தாங்கக்கூடிய வலி இல்லை அது என்று நீங்கள் சொன்னீர்கள். ஏன் பொறுத்துக்கொண்டாய் என்று அவனிடம் கேட்டதாகவும் சொன்னீர்கள். "நான் கூட இருக்க வரைக்கும் அக்காவுக்கு விடுதலையே கிடையாது மேடம், நான் போனாத்தான் அவ வாழ்வா" என்றானாம். அப்படிச் சொல்கிற பையன்தான். அதைக் கேட்டு உங்கள் கண் கலங்கியது. நான் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகும் எலும்பு கூடவில்லை. இனி ஆட முடியாது, நேராக நடப்பதும் சந்தேகம் என்றீர்கள். படிப்பும் நின்றுவிட்டது. ரயில்வே பாலத்தில் ஏறி இறங்க முடியவில்லை. வகுப்பு மூன்றாவது மாடியில். போகட்டும், படித்தவர்கள் எல்லோரும் வேலைக்கா போய்விட்டார்கள்.

இப்போது வீட்டில்தான் இருக்கிறான். சூடாகப் பரிமாறுகிறேன். காலைத் துடைத்துவிடுகிறேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான். முன்போல் பேசுவதில்லை. பெங்களூர் பற்றி ஒரு வார்த்தை எடுப்பதில்லை. நெருள்காரன் கேலியும் இல்லை. மீன் போட்டால் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறான். நாளாவட்டத்தில் சரியாகிவிடும்.

ஆக, தகட்டை எடுத்தது நான். அட்டை வைத்தது நான். இரண்டு முறை. உதுமான் பாய்க்கு எதுவும் தெரியாது. அவர் கார்கானாவை மூடச் சொல்லாதீர்கள். காலேஜுக்கோ போலீசுக்கோ சொல்வதென்றால் சொல்லுங்கள். நான் இல்லாவிட்டால் துரைக்கு யார் பொங்கிப் போடுவார்கள் என்பதை மட்டும் யோசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

அனந்தை நினைத்தால் பாவமாக இருக்கிறது. மற்றப் பையன்களை நினைத்தாலும்தான். துரைமேல்தான் எனக்கு வருத்தம். வலிக்கிறது என்று ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாம். நான் என்ன அந்நியமா.