சீறாத தண்ணீர்

"கல்லு சத்தம் போடாட்டி ஆறிப்போச்சுதோ, அப்பா?"

என் மகள் நிலாந்தினி ஆறு வயதில் கேட்ட கேள்வி இது. அவளுடைய தாய் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்திருந்தாள். அது சீறவில்லை. துளிகள் மணிமணியாய் உருண்டு விளிம்பால் விழுந்தன. பிள்ளை விரலை நீட்டினாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன். "சீறினால் சூடு, அம்மா. சீறாமல் உருண்டால் அதைவிடச் சூடு. தொடக்கூடாது" என்றேன்.

நீங்கள் கார்ச் சில்லுகளைப் பற்றித்தான் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. அதற்குத்தான் வருகிறேன்.

வேலணையில் பதினெட்டு வருடமாக ரயர்க் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சைக்கிளுக்குக் காற்றடிக்கக் காசு வாங்குவதில்லை. வாசலில் மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டியிருக்கிறேன். இப்படியான சின்ன நன்மைகளில்தான் உலகம் நிற்கிறது என்று நம்புகிறவன். வெள்ளிக்கிழமை விரதம். பொய் சொல்வதில்லை. மனைவி போன பிறகு வீட்டில் நானும், இப்போது இருபத்திரண்டு வயதாகிவிட்ட நிலாந்தினியும்தான்.

சசிகரன் மாசியில் வந்தார். சுவிஸில் வளர்ந்தவர்; தகப்பனுடைய வீட்டைத் திருத்த வந்திருந்தார். கொழும்பில் வாங்கிய தாழ்ந்த சிவப்புக் கார், பந்தயக் கார் மாதிரி. இரண்டே இருக்கை. மூன்றாவது ஆளுக்கு அதில் இடமில்லை. அதை நான் முதல் நாளே கவனித்தேன்.

நல்ல பிள்ளை. எனக்குத் தோள் வருத்தம் என்று அறிந்து, காலையில் வந்து கடைக் கதவைத் தூக்கிவிடுவார். இரண்டு கிழமை என்னை "அண்ணை" என்றார். மூன்றாம் கிழமை "மாமா" என்றார். நிலாந்தினி அவருக்குக் கொண்டுவந்த தேநீரில் இஞ்சி இருந்தது, எனக்கு வந்ததில் இல்லை. அலுமாரியில் நிலாந்தினியின் பிறப்புச் சான்றிதழ் வைத்த இடத்தில் இல்லை, மறுநாள் இருந்தது.

அவரிடம் இரண்டு சோடிச் சில்லுகள் இருந்தன. ஒன்று கம்பி கம்பியாய்த் திறந்தது, மற்றது முகம் மூடி நாலு சின்னத் துளை மட்டும் உள்ளது. எது பாரம் குறைவு, எது பிறேக்கைக் குளிர வைக்கும் என்று பார்த்துத் தரச் சொன்னார். கரையில் மீன் நிறுக்கிற தராசை இரவல் வாங்கித் தொங்கவிட்டேன்.

"மாமா, மீனுக்குப் பொய் சொல்லுற தராசு இதுக்கும் சொல்லுமோ?"

"தராசு மற்ற ஆளின்ர, தம்பி. அதுக்கு நான் பொறுப்பில்லை."

சிரித்தார். திறந்தது பத்துக் கிலோ நூறு கிராம். மூடியது எட்டுக் கிலோ நானூறு. அவருக்கு மூடியதில்தான் ஆசை.

பின்னேரம் புங்குடுதீவுப் பாலத்துக்குப் போனோம். முதலில் திறந்த சில்லு. எட்டுத் தரம் பறந்து வந்து எட்டுத் தரம் நிறுத்தினார். பிறகு போத்தல் தண்ணீரைக் கம்பிகளுக்குள்ளால் பிறேக் தட்டில் தெளித்தார். சீறி ஆவி எழும்பியது. ஆறவிட்டு மூடிய சில்லைப் பூட்டினேன். அதே எட்டுத் தரம். துளைக்குள்ளால் தெளித்தார். சத்தமில்லை. துளிகள் மணிமணியாய் உருண்டு தாரில் விழுந்தன.

சுவிஸில் தோசைக்கல் பார்த்து வளராத பிள்ளை.

"பாத்தீங்களோ, சத்தமே இல்லை! பாரமும் குறைவு, சூடும் குறைவு. இதையே பூட்டுவம், என்ன மாமா?"

சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்த மாமா என்ற சொல் குறுக்கே வந்தது.

"நீர் கண்ணால பாத்தனீர்தானே, தம்பி" என்றேன். இதில் பொய் எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

அன்று அவர் காரின் மேலதிகத் திறப்பை, மற்றச் சாவியை, என் கையில் தந்தார். நயினாதீவுக்குக் காரைக் கொண்டுபோக ஏலாது. அதனால் எங்கள் ஆட்கள் திறப்பைப் படகில் கொண்டுபோய் அம்மனுக்கு அர்ச்சனை செய்விப்பது வழக்கம். வாற வெள்ளி செய்விக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

"நாளைக்கு நிலாந்தினியையும் கூட்டிக்கொண்டு குறிகட்டுவான் இறங்குதுறை மட்டும் ஒரு ஓட்டம் போகட்டோ?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

காலையில் நாலு தேசிக்காயை நானே சில்லுகளுக்குக் கீழே வைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக் கும்பிட்டார். நிலாந்தினி உடுத்திக்கொண்டு வந்தாள். "நீ போகாதை, பிள்ளை. எனக்குத் தோள் ஏலாமல் கிடக்கு, எண்ணெய் பூசிவிடு" என்றேன். அவள் நின்றுவிட்டாள். சொன்னால் கேட்கிற பிள்ளை.

அவர் பாலத்தில் நாலைந்து தரம் பறந்து நிறுத்தியிருக்கிறார். மூடிய சில்லுக்குள் காற்றுப் போகாது. பிறேக் ஒயில் கொதித்தால் மிதி வெறுமனே உள்ளே போகும். இறங்குதுறைக்கு முந்தின வளைவில் கார் நிற்கவில்லை, கல்லணையைத் தாண்டிக் கடலுக்குள் போய்விட்டது. தோளில் எண்ணெய் காயுமுன் செய்தி வந்தது.

செத்தவீடு முடிந்து மூன்றாம் நாள் நிலாந்தினி குசினி வாசலில் நின்று கேட்டாள்.

"பாலத்தில தண்ணி தெளிச்சுப் பாத்தது எண்டு அவர் சொன்னவர். சீறினதோ, அப்பா?"

"ஓம், பிள்ளை. நல்லாச் சீறினது."

என் வாயால் வந்த ஒரே பொய் அதுதான். அதுவும் அவளுடைய மனது நோகக்கூடாது என்று. "சத்தமே இல்லை எண்டல்லோ அவர் எனக்குச் சொன்னவர்" என்றாள் அவள். பிறகு உடுப்புகளை அடுக்கி, ஊர்காவற்றுறையில் சின்னம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். உங்களிடம் வந்தது அவள்தான் என்று தெரியும். குறை சொல்லமாட்டேன். என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டுதான் நான் பேசாமல் நின்றேன். அவளை வீட்டில் வைத்திருக்கத்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. போன வெள்ளி நயினாதீவுக்குப் போனேன். இறந்தவர் பெயருக்கு அர்ச்சனை இல்லை. ஆட்கள் தீபாராதனை பார்த்துக்கொண்டு நின்றபோது திறப்பை உண்டியலுக்குள் போட்டேன். ஒருவரும் காணவில்லை.

வாக்குக் கொடுத்தால் நான் நிறைவேற்றுகிறவன், ஐயா. இனி சசிகரனுக்கு நான் ஒரு கடனும் வைக்கவில்லை.