எலிக்கு வந்த தும்மல்

"அந்த எலிங்களுக்கு வந்த வாழ்வப் பாரேன்!"

ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே இருந்தவள் சொன்னாள். பெயின்ட் கம்பெனியில் தின்னர் நிரப்புகிறவள். புடவையெல்லாம் அந்த வாடை. பக்கத்தில் இருந்தவளுக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் எலிக்கூண்டு கழுவும் வேலை.

"அதுங்களும் உங்க தின்னர் காத்தத்தான் இழுக்குதுங்க அக்கா. தினம் ஆறு மணி நேரம். ஞாயித்துக்கிழமை லீவு."

"எனக்கு எட்டு மணி நேரம். லீவு கேட்டா சூப்பர்வைசர் மொறைக்கிறான்."

"நேத்து ஒண்ணு தும்முச்சு. டாக்டரே வந்து பாத்து நோட்டுல எழுதிக்கினாரு."

"ரெண்டு வருசமா இருமிக்கினு இருக்கறேன். எம்புருசன்கூட ஏன்னு கேக்கல."

"வயித்தெரிச்சல் படாதக்கா. கடைசில அதுங்கள அறுத்துல்ல பாப்பாங்க."

தின்னர் நிரப்புகிறவள் இருமி முடித்துவிட்டுக் கேட்டாள்.

"பாக்கறாங்க இல்ல?"